அரண்மனை பேக்

போன வாரம் ஒரு சாயங்காலம், கே.கே. நகரில் என் பெண் வீட்டுக் கூடத்தில் முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே டீவியில் உலகக் கால்பந்துப் போட்டி. ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, தைலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்பது என் கொள்கை. அப்போது ஒருவன் சறுக்கிக்கொண்டே வந்து எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கினான். வர்ணனையாளர் அவன் நாட்டின் பெயரைச் சொன்னார். கடலுக்கு நடுவே இருக்கிற ஏதோ குட்டி நாடு. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகருக்குத் துணி எடுக்க வருகிற கூட்டம்கூட அந்த நாட்டில் இருக்காது என்றார் மாப்பிள்ளை.

"இத்துனூண்டு நாட்டுலேர்ந்து இப்பிடி ஒரு டிஃபெண்டரா!" என்று வியந்தார்.

"இதைவிடச் சின்ன நாட்டு பேக்கோட நான் ஆடியிருக்கேன்" என்றேன்.

மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர். தைலம் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார், ஆனால் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கும் அந்த வாடைதான் ஏறியிருந்தது. நீலகிரித் தைலம், ஈரத் தோல், வெயிலில் காய்ந்த துணிக்கட்டு மூன்றும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். நாற்பதுகளில் எங்கள் டீம் உடை மாற்றுகிற மாட்டுக்கொட்டகையில் அது எந்நேரமும் வீசும். மாடுகள் முதலில் ஆட்சேபித்தன, பிறகு பழகிக்கொண்டன.

யுத்தம் முடிந்த சமயம். லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. கம்பெனி இப்போது இல்லை, பெயர் எதற்கு? மற்றவர்கள் எல்லாம் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி வேலைக்கு வந்தார்கள். நான் வாசற்படிக்கு மேலே இருக்கிற கட்டையைத் தொட்டு வந்தேன். இன்டர்வியூவில் ஹெட்கிளார்க் ராகவாச்சாரி என்னை மேலும் கீழும் பார்த்து, "அந்த நிலையைத் தொடும்" என்றார். தொட்டேன். "குதிக்காம தொட்டுட்டான் ஓய்!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, அப்போதே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். கம்பெனியின் கால்பந்து டீமுக்குக் கோல்கீப்பர் தேவைப்பட்டிருந்தது. கோல்கீப்பராக எனக்கு ஒரு குறை உண்டு. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் கடைசியில் சொல்கிறேன்.

ராகவாச்சாரிதான் டீமுக்குச் செகரட்டரி. அவர் வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனால் விதிப் புத்தகம் முழுதும் மனப்பாடம். ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு மெமோ வரும். இங்கிலீஷில் இருக்கும். தமிழில் சொன்னால், 'நேற்று இருபத்து மூன்றாவது நிமிஷத்தில் பந்தைக் கோலுக்குள் அனுமதித்த காரணத்தை மூன்று நாளைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்' என்று வரும். 'பந்து முன்னறிவிப்பு எதுவும் தரவில்லை' என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். அதையும் ஃபைலில் வைத்தார். அந்த ஃபைல் வரவர எங்கள் பாலிசிதாரர்களின் மரண ஃபைலைவிடப் பருமனாகிவிட்டது.

கேப்டன் காதர் பாய். ரெக்கார்டு ரூமில் வேலை. அவர் குடும்பம் ராயப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் புத்தக பைண்டிங் செய்து வந்தது. பந்தின் தையல் பிரிந்தால் பைண்டிங் நூலால் அவரே தைத்துவிடுவார். அந்தக் காலத்துப் பந்துக்கு ஒரு வாய் உண்டு, செருப்புக்குப் போடுகிற மாதிரி அதில் தோல்வார் கட்டியிருக்கும். தலையால் முட்டும்போது வார் இருக்கிற பக்கம் பட்டால் நெற்றியில் நாமம் விழும். "அய்யரு, அய்யங்காரு, பாயி, அல்லாருக்கும் நாமம்தான் நைனா, இந்தப் பந்துக்கு மட்டும் ஜாதி கெடயாது" என்பார் காதர் பாய்.

இனிமேல்தான் வைரவன் வருகிறார்.

டிஃபெண்டர் என்ற வார்த்தையை அப்போது யாரும் சொல்லமாட்டார்கள். கோலுக்கு முன்னால் நிற்கிற இரண்டு பேரையும் 'பேக்' என்போம். எங்கள் ரைட் பேக் கல்யாணமாகி மாமியார் பேச்சைக் கேட்டு ஆட்டத்தை விட்டுவிட்டதால் அந்த இடம் காலி. ஒருநாள் ஆபீசுக்கு ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டை குட்டையான ஆள், கருங்காலி உடம்பு, பெரிய மீசை. பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து ராகவாச்சாரியின் மேஜையில் வைத்தார். கீழே மெதுவடை அளவுக்கு அரக்கு முத்திரை. பெயர் வைரவன், அரண்மனை பேக்காகப் பதினெட்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவர், நாணயமானவர், இப்படிக்கு ராஜா என்று எழுதியிருந்தது.

"எந்த ராஜா?" என்று கேட்டார் ராகவாச்சாரி.

"எங்க ராஜாங்க. எங்க நாட்டு ராஜா."

அது தெற்கே ஒரு குட்டிச் சமஸ்தானம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வரைபடத்தில் அகப்படாது. ஆனால் வைரவனுக்கு அது நாடு. "எங்க நாட்டுல" என்று ஆரம்பிக்காமல் அவருக்கு ஒரு வாக்கியம் வராது. எங்க நாட்டுல கத்தரிக்காய் இப்படி இருக்காது, எங்க நாட்டுல மழை சொல்லிட்டுத்தான் பெய்யும். எல்லையில் குறுக்கே ஒரு மூங்கில் கழி போட்டிருக்குமாம். அதைத் தூக்கிவிடக் காவல்காரர் ஒருவர். அவர் மத்தியானம் சாப்பிடப் போனால் திரும்பி வரும்வரை நாடு மூடியிருக்குமாம்.

"இன்னா நைனா நாடு அது?" என்பார் காதர் பாய். "சைக்கிள்ல ஒரு மிதி மிதிச்சா அந்தாண்ட பூடும் போலக் கீதே!"

"மிதிக்க விடமாட்டாங்க காதர் பாய். கழி இருக்குல்ல" என்பார் வைரவன், கொஞ்சமும் சிரிக்காமல்.

ராஜாதான் அந்த ஊரின் சென்டர் ஃபார்வேர்டு. வெள்ளிக்கிழமை தோறும் அரண்மனை மைதானத்தில் ஆட்டம் உண்டு. யுத்தம் வந்ததும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பட்டாளத்துக்குப் போய்விட, கடைசியில் ராஜாவும் வைரவனும்தான் மிஞ்சினார்கள். இரண்டு பேரை வைத்துக்கொண்டு என்ன ஆடுவது? "பட்டணம் போய்ப் பொழைச்சுக்கோ" என்று ராஜாவே முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறார். ராகவாச்சாரி முத்திரையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அவரைத் தபால் செக்ஷனில் டெம்பரவரியாகப் போட்டார். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நிரந்தரம் பண்ணுவதாகப் பேச்சு. மந்தைவெளியில் ஓர் அறை பிடித்து மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் வைரவன்.

முதல் ஆட்டம் வெள்ளைக்கார சோல்ஜர்கள் டீமோடு. மந்தைவெளியில் அப்போது பேருக்கேற்ற வெளிதான், மாடு மேய்ந்த நேரம் போக மிச்ச நேரம் நாங்கள் ஆடுவோம். நாங்கள் பதினோரு பேரும் வெறுங்கால், கணுக்காலில் துணிக்கட்டு மட்டும். அவர்கள் எல்லோரும் பூட்ஸ். ஆட்டம் ஆரம்பித்து மூன்றாவது நிமிஷம் அவர்களுடைய சென்டர் ஃபார்வேர்டு எங்கள் பக்கம் ஓடி வந்தான். வைரவன் பாய்ந்தார். என்ன பாய்ச்சல்! ஆனால் அரை நொடி தாமதம். பந்து தாண்டிவிட்டது. இவர் தரையில் விழுந்து மூன்று தடவை புரண்டு, உள்ளங்கையால் மண்ணை ஓங்கி அறைந்து, "ஐயோ!" என்றார். கோல். அடுத்தவன் வந்தான். அதே பாய்ச்சல், அதே அரை நொடி, மூன்று புரளல், மண்ணில் ஓர் அறை, "ஐயோ!" மொத்தம் ஏழு கோல். ஏழு ஐயோ.

"ஓய் வைரவன்!" என்று கோட்டுக்கு வெளியேயிருந்து ராகவாச்சாரி கத்தினார். "ஆட வந்தீரா, அங்கப்பிரதட்சிணம் பண்ண வந்தீரா?"

மறுநாள் பதினாலு மெமோ. எனக்கு ஏழு, அவருக்கு ஏழு. வைரவனுக்கு மெமோ என்றால் என்னவென்று தெரியாது. சன்மானப் பத்திரம் என்று நினைத்துப் பட்டுத்துணியில் வைத்துச் சுற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு பாங்க் டீமோடு ஆட்டம். ஆளை மாற்றிவிட்டார்களோ என்று சந்தேகமாக இருந்தது. ஒருவர்கூடத் தாண்டவில்லை. யார் காலில் பந்து வந்தாலும் அது வைரவன் காலுக்கு வந்து சேர்ந்தது. எனக்கு வேலையே இல்லை. கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு ஓர் ஆரஞ்சுப் பழம் முழுவதும் உரித்துத் தின்றேன். அதற்கடுத்த ஆட்டம் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்களோடு. மறுபடியும் அங்கப்பிரதட்சிணம், நாலு ஐயோ.

காதர் பாய்தான் கண்டுபிடித்தார். அன்றைக்கு லஸ் முனை டீக்கடையில் அவரும் நானும் வைரவனும் நின்றுகொண்டிருந்தோம். "நைனா, நான் ஒண்ணு கேப்பேன், கோச்சுக்கக் கூடாது. வெறுங்கால்ல வரவன அடக்கி வெச்சுடற. பூட்சு மாட்டிக்கினு வரவனப் பாத்தா மட்டும் படுத்துக்கறியே, இன்னா மேட்டரு?"

வைரவன் டீயைக் கீழே வைத்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்க நாட்டுல ராஜா ஒருத்தர்தான் பூட்ஸ் போடுவாரு."

அப்புறம்தான் முழுக்கதையும் வெளியே வந்தது. அரண்மனை பேக் உத்தியோகம் அத்தனை சுலபமில்லை. ராஜாவின் காலிலிருந்து பந்தை எடுக்கக் கூடாது. அது ராஜ துரோகம். சும்மா ஒதுங்கி வழி விடவும் கூடாது. "என்னைச் சின்னப் பிள்ளைன்னு நெனச்சியா?" என்று ராஜாவுக்குக் கோபம் வந்துவிடும். உயிரைக் கொடுத்து ஆடியும் மயிரிழையில் தோற்ற மாதிரி இருக்க வேண்டும். அரை நொடி தாமதமாகப் பாய வேண்டும். சாதாரண நாளில் மூன்று புரளல், ராஜாவின் பிறந்தநாளில் நாலு. மண்ணை அறைவதும் "ஐயோ"வும் வைரவன் சொந்தமாகச் சேர்த்தது. இப்படிப் பதினெட்டு வருஷம். வெள்ளிக்கிழமை தவறாமல் ராஜா கோல் போட்டார். அவருக்குத் தான் பெரிய ஆட்டக்காரர் என்று நம்பிக்கை.

"பூட்ஸ் சத்தம் காதுல விழுந்ததும் காலு அதுவா அரை நொடி நின்னுருது காதர் பாய். நான் நிறுத்தல. நாலு கழுதை மேய்ச்சாலும் பொழைச்சிருப்பேன், இந்த உத்தியோகம் பாத்துக் காலு கெட்டுப்போச்சு."

நானும் காதர் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிக்கக் கூடாது என்று நான் டீயை மடக்கென்று குடித்து, அது மூக்கு வழியாக வந்துவிட்டது.

ராகவாச்சாரியிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு விதிப் புத்தகத்தில் விதி தேடுவார். வைரவன் வண்டி இப்படியே ஓடியது. வெறுங்கால் டீம் வந்தால் சிங்கம், பூட்ஸ் டீம் வந்தால் சாஷ்டாங்கம். ராகவாச்சாரியும் ஒரு மாதம் 'நிரந்தரம்' என்பார், அடுத்த மாதம் 'டெம்பரவரி' என்பார். "எப்படியும் பொழைப்பு ஓடலைன்னா நாட்டுக்குத் திரும்பிப் போயிருவேன் தம்பி. கழியைத் தூக்கினா நம்ம வீடு" என்று வைரவன் என்னிடம் சொல்லிக்கொள்வார்.

பிறகு சுதந்திரம் வந்தது. எல்லோருக்கும் அதில் என்னென்னவோ கிடைத்தது. வைரவன் அளவுக்கு நேரடியான பலன் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். சோல்ஜர்கள் பூட்ஸோடு கப்பலேறிவிட்டார்கள், ரயில்வே டீமும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டது. எதிரே வருகிறவன் எல்லாம் வெறுங்கால். அந்தப் பருவம் முழுக்க வைரவனைத் தாண்டி ஓர் ஈ போகவில்லை. மைலாப்பூர் மாமாக்கள் கச்சேரிக்குப் போவதை ஒத்திப்போட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வந்தார்கள். அவர் பந்தை எடுக்கும்போதெல்லாம் "பேஷ்!" என்று தொடையில் தட்டுவார்கள்.

மறு வருஷம் ஒருநாள் காலையில் தபால் செக்ஷனுக்குப் போனேன். வைரவன் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய சமஸ்தானத்தையும் இந்தியாவோடு சேர்த்துவிட்டார்கள். பேப்பரில் ரெண்டே வரி.

"கழியை எடுத்துட்டாங்களாம் தம்பி" என்றார். "இனிமே யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வரலாமாம். மத்தியானத்துலகூட."

இத்தனை நாள் அந்த நாட்டைக் கிண்டல் செய்ததற்கு வெட்கமாக இருந்தது. நமக்கெல்லாம் நாடு வந்த சமயத்தில் அந்த மனிதருக்குப் போயிருந்தது.

ராஜா பட்டணத்துக்கு வந்து அடையாற்றில், ஆற்றைப் பார்த்த ஒரு பங்களாவில் குடியேறினார். ராஜ்யம் போனால் சிலர் காசிக்குப் போவார்கள். இவர் பூட்ஸை எடுத்துக்கொண்டு தி.நகரில் பெரிய மனிதர்கள் நடத்திய ஒரு கிளப்பில் சேர்ந்து, சென்டர் ஃபார்வேர்டு இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வைரவன் கோல் விடாவிட்டாலும் கோல் போட எங்களிடம் ஆள் இல்லை, அந்த வருஷம் நாங்கள் அடிமட்டத்தில் கிடந்தோம். பட்டியலைப் பார்த்தால் பருவத்தின் கடைசி ஆட்டம் எங்களுக்கும் அந்தக் கிளப்புக்கும்!

ராகவாச்சாரி வைரவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் யாரையும் உட்கார வைக்கிறவரில்லை. "இதோ பாரும். டிரா பண்ணிட்டாக்கூடப் போறும், நாம இந்த டிவிஷன்லயே இருந்துண்டிருப்போம். தோத்தா கீழ போயிடுவோம். போயிட்டா டீமையே கலைச்சுடப் போறதா டைரக்டர் சொல்லிட்டார். டீம் இல்லேன்னா டெம்பரவரி ஆளுங்களுக்கு வேலை இல்லை. டிரா ஆனா நாளைக்கே உமக்கு நிரந்தர ஆர்டர். ஆத்துல ரெண்டு பொண் குழந்தை இருக்கு, ஞாபகம் வெச்சுக்கும்."

வைரவன் எழுந்து வந்து என்னிடம் கேட்டார். "ராஜா இப்ப ராஜா இல்லதானே தம்பி?"

"இல்லை, அண்ணே."

"அது எனக்குத் தெரியுது. காலுக்கு யாரு சொல்றது?"

காதர் பாய் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். பூட்ஸ் சத்தம் கேட்டால்தானே கால் நிற்கிறது? காதில் பஞ்சை அடைத்துவிட்டால்? ஆபீஸ் முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுக்க ராகவாச்சாரி ஃபாரம் நிரப்பச் சொல்வார். 'பஞ்சு, காது இரண்டுக்கு, கால் சம்பந்தமாக' என்று எழுதிக் கொடுத்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் படித்துவிட்டு, எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மழை. மைதானம் சேறும் குட்டையுமாக இருந்தது. ராஜாவை அன்றுதான் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது, உருண்டையான தொப்பை, பளபளவென்று பாலிஷ் போட்ட பூட்ஸ். முகத்தில் மட்டும் குழந்தைக் களை. வைரவனைப் பார்த்ததும் ஓடிவந்து தோளில் கை போட்டார். வைரவன் காதில் பஞ்சு. ராஜா என்ன சொன்னாலும் "சரிங்க மகாராஜா" என்றார். "உன் மீசை நரைச்சுப்போச்சேடா" என்றதற்கும் அதே பதில்.

ஆட்டம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் ராஜா பந்தோடு வந்தார். பதினெட்டு வருஷம் வந்த அதே வழி, அதே பக்கம். வைரவன் பாய்ந்தார். அரை நொடி தாமதிக்கவில்லை. பந்து இவர் காலில், ராஜா குட்டையில்.

வைரவன் திரும்பிப் பார்த்தார். குட்டையில் உட்கார்ந்திருந்த ராஜாவைப் பார்த்ததும் இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

"எடுத்துட்டியேடா வைரவா" என்றார் ராஜா.

"மன்னிக்கணும் மகாராஜா."

"அப்ப இத்தனை வருஷமா?"

வைரவன் குனிந்து, எறிந்த பஞ்சைப் பொறுக்கினார். ராஜா சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோலிலிருந்து பார்த்தேன். ராஜ்யம் போனபோது அவர் முகம் எப்படி இருந்திருக்குமோ தெரியாது, ஆனால் அதைவிட மோசமாக இருந்திருக்காது. பிறகு அவர் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். "இனிமே நெஜமா ஆடு. பஞ்செல்லாம் வேண்டாம். விட்டுக் குடுத்தே, உன் மொகத்துல முழிக்கமாட்டேன்" என்றார்.

நிஜமாகத்தான் ஆடினார் வைரவன். பஞ்சு இல்லாமலே ஆடினார். பூட்ஸ் சத்தம் வரும், பல்லைக் கடித்துக்கொண்டு பாய்வார், பந்தை எடுப்பார். ராஜா விழுவார், எழுவார், மறுபடி வருவார். எட்டு தடவையோ ஒன்பது தடவையோ இது நடந்தது. விழ விழ ராஜாவுக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போனது. அவரோடு அதுவரை யாருமே ஆடியதில்லை அல்லவா! ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. டிரா. ராகவாச்சாரி பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

கடைசித் தடவையாக ராஜா வந்தார். வைரவன் எனக்கு நாலடி முன்னால். சதக் சதக் என்று பூட்ஸ் சத்தம். மூச்சு இரைக்கிற சத்தம். ஏதோ சறுக்கியது. மண்ணில் உள்ளங்கை பளீரென்று அறைந்தது. "ஐயோ!" பந்து என்னைத் தாண்டிப் பின்னால் படுத்திருந்த எருமையின் வயிற்றில் போய் மோதியது. எங்களுக்கு வலை கிடையாது, எருமைதான்.

"வுட்டுட்டான்யா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார். மூன்று தடவை புரண்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மாமாக்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். காதர் பாய் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து, "இன்னா நைனா, இப்டிப் பண்ட்டியே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வைரவன் விழுந்த இடத்திலேயே கிடந்தார்.

ராஜா குதிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தார். "தம்பி, அவனைக் கேட்டுப் புண்ணியமில்லை. பதினெட்டு வருஷம் பொய் சொன்னவன், இன்னிக்கு எதைச் சொன்னாலும் நான் எப்படி நம்பறது? நீ பக்கத்துல நின்னு பாத்தே. விட்டானா, இல்லே நான் தாண்டினேனா? நெஜத்தைச் சொல்லு."

சேறு வழிகிற அந்த முகத்தைப் பார்த்தேன். "தாண்டிட்டீங்க மகாராஜா. நெஜக் கோல்தான். என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

அவர் போட்ட சத்தத்தில் எருமை எழுந்துவிட்டது. "வைரவா! கேட்டியாடா? பாத்தவன் சொல்றான்டா!" என்று வைரவனைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஆடவேயில்லை. ஒன்று போதும் என்று சொல்லிவிட்டாராம்.

மறுநாள் ஆபீசில் விசாரணை. டீம் கலைந்தது கலைந்ததுதான். ராகவாச்சாரி ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். "வேணும்னு விட்டிருந்தா அது துரோகம், இன்னிக்கே வெளில. நேர்மையா ஆடித் தோத்திருந்தா, அது விளையாட்டு. ஒழுங்கா ஆடினவனை நடுத்தெருவுல விடமாட்டேன், டைரக்டர் கால்ல விழுந்தாவது தபால் செக்ஷன்ல நிரந்தரம் பண்ணிடறேன். சாட்சி யாரு?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'பேக் வைரவன் சரியான நேரத்தில் பாய்ந்தார். எதிராளி அவரைத் திறமையாகத் தாண்டினார். நான் கண்ணால் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஃபைலில் கடைசிக் காகிதம் அதுதான். வைரவன் ரிடையராகும்வரை தபாலுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அரக்கு முத்திரை அல்ல, மசி முத்திரை.

பல மாதம் கழித்து லஸ்ஸில் இரண்டு பேரும் டிராமுக்காக நின்றுகொண்டிருந்தோம். வைரவன் திடீரென்று கேட்டார். "தம்பி, நீங்க நெஜமா பாத்தீங்கதானே?"

"ஏன் அண்ணே?"

"எனக்கே தெரியலை. கால் தானா நின்னுச்சா, ராஜா நெஜமாவே தாண்டினாரா, நானா விட்டேனா, எத்தனை தடவை யோசிச்சாலும் புரியலை. நீங்க பாத்தேன்னு எழுதிக் குடுத்தீங்க. அதை நம்பித்தான் தூங்கறேன்."

"பாத்தேன் அண்ணே" என்றேன். டிராம் வந்துவிட்டது.

இன்று டிராம் இல்லை, தண்டவாளம் இருந்த அடையாளமும் இல்லை. மந்தைவெளியில் மந்தையும் இல்லை, வெளியும் இல்லை, எங்கள் கோல் கம்பம் இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டிடம் நிற்கிறது. அடையாற்றுப் பங்களாவை இடித்துவிட்டார்கள். ராஜா போய்விட்டார். போவதற்கு முன் பூட்ஸைப் பட்டுத்துணியில் சுற்றி வைரவனுக்கு அனுப்பியிருந்தார். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த வைரவனும் போய்விட்டார். காதர் பாய் இல்லை, ராகவாச்சாரி இல்லை. வைரவனின் நாடு எந்த ஜில்லாவில் கரைந்தது என்று கேட்டால் எனக்கே தடுமாறுகிறது.

டீவியில் அந்தக் குட்டி நாட்டுக்காரன் பந்தைப் பிடுங்கியதை நாலு பக்கத்திலிருந்தும் மெதுவாக ஓட்டி ஓட்டிக் காட்டினார்கள். அவன் அரை நொடி தாமதித்தானா என்று உலகத்துக்கே தெரியும். எங்கள் மைதானத்தில் அப்படிக் காட்ட என்னைத் தவிர வேறு ஏற்பாடு இல்லை. கோல்கீப்பராக எனக்கு ஒரு குறை உண்டு என்று சொன்னேன் அல்லவா? பந்து கிட்டே வந்தால் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டுவிடுவேன். அன்றும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.